ஒரே லாயத்துக் கணக்கு

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தவர், குதிரைப் பந்தயம் கணிப்பது எப்படி என்ற பாடத்தில் நான்காவது புத்தகத்தைப் படித்து முடித்த வாரம் ஒரு கிலோ கூடினார். அடுத்த வாரம் இன்னொரு கிலோ. ஆள் கொஞ்சமும் பெருக்கவில்லை. சட்டை அதே அளவு, இடுப்பு வாரில் அதே ஓட்டை, கன்னத்தில் அதே ஒட்டல். எடை மட்டும் ஏறியது. இரண்டாவது மாடியில் தராசு விற்கும் கம்பெனி இருந்ததால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏழு தராசுகளில் அவரை ஏற்றிப் பார்த்தார்கள். ஏழும் ஒரே எண்ணைக் காட்டின. தம் சரக்கின் நேர்மையைக் கண்டு விற்பனையாளர் மகிழ்ந்துபோனார்.

அவருக்குக் குதிரைமேல் ஆசை ஒன்றும் கிடையாது. லிஃப்டில் ஏறுகிறவர்கள் சனிக்கிழமைப் பந்தயத்தைப் பற்றியே பேசுவார்கள். பேச்சு சூடு பிடிக்கும்போது அவர்கள் மாடி வந்துவிடும், இறங்கிப் போய்விடுவார்கள். பதினெட்டு வருடமாகத் தலையுள்ள, வாலில்லாத பேச்சுகளையே கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிற்று. மீதியைத் தானே தெரிந்துகொள்வது என்று பொது நூலகத்துக்குப் போனார். நூலகர் அம்மாள் உயிருள்ள குதிரையை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எந்த விஷயமானாலும் எதை முதலில் படிக்கவேண்டும், எதை அப்புறம் படிக்கவேண்டும் என்று பட்டியல் போட்டுத் தருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சீட்டின் பின்பக்கம் நான்கு புத்தகங்களை எழுதிக் கொடுத்தார். முதலாவது, ஒரு கால்நடை மருத்துவர் குதிரையின் கால்களைப் பற்றி எழுதியது. முழங்காலுக்கு மேல் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாவது, ஓடிய நேரங்களை ஒப்பிடும் கலை. மூன்றாவது, ஈரத் தரையும் சவாரி செய்பவர்களின் குணமும். நான்காவது, பந்தயத்தில் குதிரைகளுக்கு எடை நிர்ணயித்து ஓய்வுபெற்ற அதிகாரி எழுதிய தடித்த புத்தகம். ஜெயிக்கிற குதிரையின் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி, தோற்கிற குதிரைக்குப் பாரத்தைக் குறைத்து, எல்லாக் குதிரைகளும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தொடும்படி செய்வதே நியாயம் என்பது அவருடைய கட்சி.

"வரிசையை மட்டும் மாத்திடாதீங்க சார்" என்றார் நூலகர்.

"மாத்தினா என்னாகும்?"

"தெரியாது. இதுவரைக்கும் யாரும் மாத்தினதில்ல."

அவர் வரிசையை மாற்றவில்லை. தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடி போவதற்குள் ஒரு பத்தி, ஆறாவது போவதற்குள் இரண்டு என்று படித்தார். மாலையில் வீட்டில், சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் மனைவிக்கு அன்றைய பக்கங்களை உரக்க வாசித்துக் காட்டினார். நான்காவது புத்தகத்தின் முன்னுரையை மட்டும் விட்டுவிட்டார். அது லிஃப்ட்காரர்களுக்கே உரிய பிழை. முன்னுரை என்பது தரைத்தளம் மாதிரி, ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற இடத்துக்கு யாராவது லிஃப்டில் போவார்களா என்பது அவர் எண்ணம்.

காசு கட்டுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார், கட்டவும் இல்லை. பேப்பரில் வரும் பட்டியலைப் பார்த்து அவர் ஒரு குதிரையைச் சொல்வார், அவள் ஒன்றைச் சொல்வாள், பிறகு இருவரும் வானொலியைக் கேட்பார்கள், அவ்வளவுதான். கால், நேரம், ஈரம், எடை என்று அவர் இரண்டு மணி நேரம் பென்சிலைக் கடித்த பிறகே வாய் திறப்பார். அவள் ஊசியில் நூல் கோர்க்கிற நேரத்தில் படங்களைப் பார்த்து, இருப்பதிலேயே சோகமான முகத்தைத் தேர்ந்தெடுப்பாள். "பாவங்க இது, மூஞ்சியே சரியில்ல. இது பக்கமும் ஒரு ஆள் வேணும்ல?" ஒவ்வொரு வாரமும் அவருடையது முதலில் வந்தது. அவளுடையது கடைசியில் வந்தது. ஒரு தடவை அது எல்லைக் கோட்டைத் தொட்டபோது வானொலியில் வானிலை அறிக்கை பாதி முடிந்திருந்தது.

இப்படி இரண்டு வருடத்துக்கும் மேல். ஐம்பத்தெட்டு கிலோவாக இருந்தவர் நூற்றெண்பதைத் தொட்டார். வீட்டில் கட்டில் முறிந்தது. முதுகுவலி என்று சொல்லித் தரையில் படுத்துக்கொண்டார். மனைவிக்குத் தெரிந்தால் கவலைப்படுவாள் என்று மூச்சுவிடவில்லை. கட்டடத்தில் மறைக்க முடியவில்லை. ஆறு பேருக்கான லிஃப்ட் அது, நானூற்றிருபது கிலோ வரை தாங்கும். இப்போது அவரோடு மூன்று பேர் ஏறலாம், நான்காவது ஆள் காலை வைத்தால் பாரமணி அடித்தது. அவர் சொன்ன குதிரைகளில் பணம் கட்டி ஜெயித்த ஐந்தாவது மாடிக் குமாஸ்தாக்கள்தான் படியேறிக்கொண்டே அதிகமாகத் திட்டினார்கள். கடைசியில் கட்டட மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமை லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். "முழு ஆளோட ஓடலைன்னா பட்டன் அமுக்கினா தானா ஓடற லிஃப்ட் போடச் சொல்லிடுவாங்கண்ணே. அதுக்கப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது." சொல்லும்போது மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஸ்டூலையும் பித்தளைக் கைப்பிடியையும் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அவர் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார். கட்டாயம் கடைசியில் வரும் என்று தான் நினைத்த குதிரையையே சொன்னார். அது கடைசியில்தான் வந்தது. கணிப்பு சரியாக இருந்ததால் இன்னொரு கிலோ ஏறியது.

நேராக நூலகத்துக்கு நடந்தார். வாசல் படிக்கட்டில் ஒரு கல் விரிசல் விட்டது. நூலகர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தாமதக் கட்டணத்தைச் சொல்வது போலக் கேட்டார்: "முன்னுரை படிச்சீங்களா?" "அதை விட்டுட்டேன்" என்றார் அவர். "முன்னுரை படிக்காம யாரு சார் புத்தகம் படிப்பா? குளிக்காம துவட்டிக்கிற மாதிரி இருக்கு." நான்காவது புத்தகத்தைத் திறந்து அவரே வாசித்தார். இந்நூலைப் படித்துத் தேறியவருக்கும், பிறர் படிக்கக் கேட்டவருக்கும் இதிலுள்ள எடை விதிகள் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. ஜெயிப்பவருக்கு ஏறும், தோற்பவருக்கு இறங்கும். அதற்குக் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு வரி: ஒரே லாயத்தைச் சேர்ந்த இரண்டு குதிரைகளை ஒன்றாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

படிக்கக் கேட்டவர் என்றால் மனைவி. வீட்டுக்கு ஓடினார், ஓடிய தெருவில் அவருடைய கால்தடம் இப்போதும் இருக்கிறது. மனைவி தையல் இயந்திரத்தோடு இடுப்பைச் சேலையால் கட்டிக்கொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அவள் தலை உத்தரத்தில் முட்டாமலிருக்க அங்கே ஒரு தலையணையைக் கட்டி வைத்திருந்தாள். தலையணை உறை நைந்துபோயிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷமா. முதல்ல இஸ்திரிப் பெட்டியை இடுப்புல கட்டிக்கிட்டுச் சமாளிச்சேன்."

"சொல்லக் கூடாதா?"

"நாள் பூரா மேலயும் கீழயும் போற ஆளு. வீட்டுக்கு வந்தா மட்டும் மேல பாக்கவே மாட்டேங்கறீங்க. சரி, அலுப்பா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் முறிந்த கட்டிலின் கதையைச் சொன்னார், மணியைச் சொன்னார், திங்கட்கிழமையைச் சொன்னார். அவள் ஊசியைப் பற்களிடையே வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு அவர் கையை நீட்டினார். திருமணமாகி இருபத்திரண்டு வருடமாகிறது. கையைப் பிடிக்கிற வழக்கம் எந்த வருடம் நின்றுபோனது என்று இருவருக்கும் நினைவில்லை. அவள் பிடித்தாள். இயந்திரம் சத்தமில்லாமல் தரையில் வந்து அமர்ந்தது. அவர் காலடியில் இரண்டு வருடமாக முனகிக்கொண்டிருந்த தரை வாயை மூடிக்கொண்டது. அப்பாடா என்று யார் முதலில் சொன்னது என்பதில் அந்த வீட்டில் இன்னும் தகராறு உண்டு.

திங்கட்கிழமை, கைகோத்தபடியே இருவரும் லிஃப்டுக்குள் நின்றார்கள். தராசுக் கம்பெனியார் தங்கள் சரக்கில் பெரியதைத் தூக்கி வந்து இருவரையும் சேர்த்து நிறுத்தினார்கள். நூற்றுப் பத்து. ஐந்து குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஐந்தாமவர் ஒற்றைக் காலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் காலையும் வைத்தார். மணி அடிக்கவில்லை. லிஃப்ட் ஆறாவது மாடிக்குப் போய், தரையோடு தரை சரியாக ஒட்டி நின்றது. அங்கே காத்திருந்த இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார். ஏழு வந்தது. விதிப்படி ஆறு. லிஃப்ட்காரர் சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார், பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். மேனேஜர் ஓடிப்போய் இன்னொரு ஸ்டூல் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து அவள் காஜா வேலையை லிஃப்டிலேயே செய்கிறாள். காஜாவுக்கு இரண்டு கை வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். சனிக்கிழமைகளில் அவர் ஜெயிக்கிறார், அவள் தோற்கிறாள், கணக்கு நேராகிவிடுகிறது. ஒரே ஒரு தடவை அவருடைய கணக்கும் அவளுடைய சோக முகக் குதிரையையே காட்ட, அது முதலில் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் இரண்டு விரற்கடை தாழ்ந்தே நின்றது. பார்த்து இறங்குங்கள் என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள், கொஞ்சம் பெருமையோடு.

லிஃப்டின் கதவுக்கு மேல் இருக்கும் தகட்டில் பெயின்டர் இரண்டாவது வரியும் எழுத வேண்டியிருந்தது. ஆறு பேர், நானூற்றிருபது கிலோ. இயக்குபவரும் அவர் மனைவியும் ஒருவராகக் கொள்ளப்படுவர். புதிதாக வருகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு, ஏறி, தங்கள் மாடியைச் சொல்கிறார்கள்.