மாடிப் புதினா

மதுரை ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடித்து ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாகியும் சீனிச்சாமிக்கு வாசமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. மூக்குக்குப் பின்னால் இருந்த கட்டி கரைந்துவிட்டது என்றார் டாக்டர். மற்றது மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

பந்தல்குடியில் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிடும் ஓட்டலில் பதினாறு வருஷம் சமையல் மாஸ்டராக இருந்தவர் அவர். கொதிக்கிற குழம்பின் ஆவியை வைத்தே உப்பு பத்தாது என்று சொல்லிவிடுவார். இப்போது பாளையம்பட்டியில், வாடகைக்கு இருந்த பின்கட்டு அறையில் உட்கார்ந்து, குழைந்த தயிர்சோற்றை மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார்.

மனைவி நாகஜோதிக்கு நூல் மில்லில் காலை ஷிப்ட். எட்டு மணி நேரம் மெஷினுக்கு முன்னால் நடந்துவிட்டு மூன்று மணிக்கு வீடு வருவாள். இரண்டு பேருக்கு இரண்டு சமையல் செய்யத் தெம்பு இருக்காது. காரம் பட்டால் அவருக்கு வாய் எரியும். அதனால் அவளும் தயிர்சோறுதான்.

ஒருநாள் அவர் சொன்னார்: "செடியில இருந்து அப்பயே கிள்ளுன மல்லித்தழைய மோந்து பாத்தா தெரியுமோ என்னமோ. கடையில வாங்குறது வீடு வாரதுக்குள்ள வாடிப் போயிருது."

நோய் வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நாகஜோதி பழைய பெயின்ட் வாளிகள் நாலு வாங்கி, அடியில் துளை போட்டு, மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் நிரப்பி மொட்டைமாடியில் வைத்தாள். மளிகைக்கடை மல்லி விதையைச் சப்பாத்திக்கட்டையால் இரண்டாக உடைத்துத் தூவினாள். வீட்டுக்காரம்மா இலை ஆய்ந்துவிட்டுப் போட்ட புதினாத் தண்டுகளை இன்னொரு வாளியில் ஊன்றினாள்.

போர்வெல் தண்ணீரின் உப்பில் முதல் மல்லி விரல் உயரம் வந்ததும் ஓரம் கருகிச் சாய்ந்தது. அதன்பிறகு எட்டு நாளைக்கு ஒருதரம் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்து, தினம் ஒரு குடம் செடிக்கு ஒதுக்கினாள். மில்லிலிருந்து வந்த காலோடு, முடியில் பஞ்சு ஒட்டியிருக்க, பதினெட்டுப் படி ஏறி ஊற்றினாள்.

"ஏம்மா ஜோதி, குடிக்கவே தண்ணியக் காணோம். நீ செடிக்குச் சொமக்குறியே" என்றார் வீட்டுக்காரம்மா கோகிலாம்பாள்.

"அரிசி கழுவுன தண்ணிதான்க்கா" என்று பொய் சொன்னாள்.

இரண்டாவது மல்லி தளிர்விட்டது. புதினாவும் அடர்ந்தது. ஒரு சாயங்காலம், அவசரத்தில் கைக்கு எட்டிய வாளியில் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே இறங்கி வந்து அவர் மூக்கடியில் நீட்டினாள். சீனிச்சாமி கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஆமா ஜோதி. மல்லிதான். லேசாத் தெரியுது."

நாகஜோதி கையைப் பார்த்தாள். கசங்கிக் கிடந்தது புதினா. சுவரோரம் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அத்தனை நாள் ஏறிய படியெல்லாம் அப்போதுதான் முழங்காலில் வலித்தது.

மறுநாள் அவள் மாடிக்குப் போகவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் போகவில்லை. நாலாம் நாள் அவராகவே பேச்செடுத்தார்.

"தண்ணி ஊத்தலயா?"

"முடியல."

"எனக்கு ஒண்ணும் தெரியல ஜோதி. அன்னைக்குச் சும்மா சொன்னேன். நீ அவ்வளவு தூரம் ஏறி எறங்குறியேன்னுதான்."

"தெரியும். நான் கொண்டாந்தது புதினா."

அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. சிரிக்க வந்து இருமினார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவளையே பார்த்தார்.

"நீ கடைசியா எப்பப் புள்ள தொவையல் வச்சுச் சாப்பிட்ட?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. "மதுரைக்குப் போறதுக்கு முன்னாடி இருக்கும்."

"எனக்குத்தான் நாக்கு செத்துப் போச்சு. ஒனக்கு என்ன வந்துச்சு?"

சுவரைப் பிடித்து எழுந்து வெளியே போனார். படிக்குப் படி நின்று அவர் ஏறுகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே போக வேண்டும் என்று நினைத்தாள், உடம்பு வரவில்லை. வெகுநேரம் கழித்து, துண்டில் புதினாவை முடிந்துகொண்டு இறங்கி வந்தார்.

"மல்லி காஞ்சிருச்சு. இது தாங்கிருச்சு."

அடுப்பைப் பற்றவைத்தார். உளுந்தின் பதம் மூக்குக்குத் தெரியாததால் சட்டிக்குள் குனிந்து நிறத்தைப் பார்த்துப் பார்த்து வறுத்தார். அப்படியும் கொஞ்சம் கருகிவிட்டது. மிளகாய், புளி, புதினா எல்லாம் வதக்கி, மிக்சியில் அரைத்து, சூடான சோற்றோடு தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினார்.

அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். காரத்தில் கண்ணில் நீர் வந்தது.

"உப்பு?"

"ரொம்பக் கூடிப்போச்சு."

"அளவு புடிபடல. வேற ஏதாச்சும் போடவா?"

"வேணாம். இன்னுங் கொஞ்சம் சோறு வைங்க."

இரண்டாம் சோற்றையும் மிச்சமில்லாமல் தின்றாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலருந்து தண்ணிய நீங்க கொண்டுபோங்க. என்னால ஏலாது" என்றாள்.

"முழுக் கொடம் தூக்க முடியாது. அரைக் கொடம்னா போவேன்."

"அரைக் கொடம் போதும்" என்று சொல்லிவிட்டு, கைகூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.