எட்டு மீட்டர் பாவாடை

"உக்காரும்போது மட்டும் கையப் பின்னால கொண்டு போயிடாத அக்கா," என்றாள் மார்லேன். காலையிலிருந்து நாலாவது தடவை.

பொல்யேரா கட்டினவள் சட்டென்று உட்கார்ந்துவிட முடியாது. எட்டு மீட்டர் பாவாடை அது. மடிப்புகளை இரண்டு கையாலும் பின்னாலிருந்து அள்ளி, பக்கத்துக்குக் கொஞ்சமாக விரித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தப் பாவாடையையும் என் தொப்பியையும் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள் என் தங்கை. இரட்டைப் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டு, தன் சாம்பல் நிற கவுனை எனக்கு மாட்டிவிட்டாள்.

"வால்டெர் அம்மாவுக்குப் பொல்யேரா கட்டினவங்கன்னாலே ஆகாது. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

அம்மா போனபின் எல் ஆல்டோ சந்தையில் கோழி விற்று இவளை நர்ஸ் படிக்கவைத்தேன். இவள் கல்யாணம் என்னால் நிற்கக் கூடாது. சரி என்றேன். ஆனால் கவுனுக்குள் என்னால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. கால்களில் குளிர் ஏறியது, கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளை வால்டெரும் அவன் தாய் ஐவோனும் கீழே லா பாஸிலிருந்து கேபிள் காரில் வந்தார்கள். ஐவோன் இறுக்கமான கால்சட்டை போட்டிருந்தாள். ஒரு கோப்பை சிங்கானி சாராயம் உள்ளே போனதும் எழுந்து ஜன்னலருகே நின்று, தெருவில் போகும் பெண்களைப் பார்த்தாள்.

"பொல்யேரான்னா என்ன அர்த்தம் தெரியுமா? கோழிக்குஞ்ச அடைக்கிற கூடை. ஸ்பெயின்காரன் வச்ச பேரு. கோழி விக்கிறவளுக்கும் அதே பேருதானாம். கூடைய இடுப்புல மாட்டிக்கிட்டு இதுதான் எங்க கௌரவம்னு வேற பேச்சு!"

வால்டெர் சிரித்தான். மார்லேனும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் என்னைச் சுட்டது. அப்படிப் பார்த்தால் நான் இரண்டு வகையிலும் அந்தப் பெயருக்கு உரியவள். அவர்களுக்காக அடுப்பில் வெந்துகொண்டிருந்ததும் நான் விடியற்காலையில் அறுத்த கோழிதான்.

தட்டு எடுக்க மார்லேனும் வால்டெரும் சமையலறைக்குப் போனார்கள். ஐவோன் இரண்டாவது கோப்பையையும் முடித்துவிட்டு சோபாவுக்குத் திரும்பினாள். உட்காரும் முன் அவள் கைகள் இரண்டும் பின்னால் போயின. இல்லாத மடிப்புகளை அள்ளின, பக்கத்துக்குக் கொஞ்சமாக விரித்தன. பிறகுதான் உட்கார்ந்தாள்.

இது பார்த்துப் படிகிற பழக்கமில்லை. சின்ன வயதிலிருந்து கட்டியிருக்க வேண்டும்.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். முகம் சிவந்தது. சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்குத் தெரியாதும்மா," என்றாள், மிக மெதுவாக.

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த நொடியே பாவமாகவும் இருந்தது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கூடையாம்! இந்த அம்மாவும் அதற்குள்தானே வளர்ந்திருக்கிறாள்.

நான் சோபாவருகே போய், அவளுக்குப் பக்கத்தில் திரும்பி நின்றேன். கோழித் தட்டோடு மார்லேன் வாசலில் வந்து நின்றாள், பின்னால் வால்டெர். "அக்கா..." என்றாள் மார்லேன். வேண்டாம் என்று அவள் கண் கெஞ்சியது.

அவசரப்படாமல் இரு கைகளையும் பின்னால் கொண்டுபோனேன். எட்டு மீட்டரையும் அள்ளி, இரு பக்கமும் விரித்து, உட்கார்ந்தேன்.

ஐவோன் ஒரு சாண் நகர்ந்து, என் பாவாடைக்கு இடம் விட்டாள்.