கறுப்புக் கதவுகள்

ஈரத் துணியைப் பிழிந்து மூன்றாவது முறையாக அந்த இடத்தைத் தேய்த்தாள். போகவில்லை. சமையலறை வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும், கீழ் வரிசை அலமாரிக் கதவுகளின் மேல், இடுப்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு ஓடியது. மற்ற இடமெல்லாம் மினுப்பில்லாத கறுப்பு. அந்தக் கோடு மட்டும் எண்ணெய் தடவியது போல் பளபளத்தது. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"ஏம்மா, பெத்தவ அங்கே கிடக்கா. நீ இங்கே கப்போர்டு துடைச்சிட்டு நிக்கிறே?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. எந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் சமையலறையைக் கைப்பற்றிவிடுகிறவள்.

"வர்றவங்க எல்லாம் தண்ணி குடிக்க உள்ளே வராங்க அத்தை. கை ரேகை அப்படியே தெரியுது."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. யாரு வந்து உனக்கு மார்க் போடப் போறா?"

அவள் துணியை மறுபடி நனைத்தாள். விடிகாலையில் போன் வந்ததிலிருந்து அழுதாயிற்று. நெஞ்சுவலி என்று சொல்லி, அப்பா தண்ணீர் எடுத்து வருவதற்குள் அம்மா போய்விட்டாள். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அந்தக் கோட்டை ஒருமுறை அம்மா இருக்கும்போதே துடைக்கப் போயிருக்கிறாள். அம்மா துணியைப் பிடுங்கிக்கொண்டாள். "அதை விடு. அது அப்படியே இருக்கட்டும்." வீடு முழுக்க ஒரு தூசி விடாத மனுஷிக்கு இதில் மட்டும் என்ன பிடிவாதம் என்று அப்போது எரிச்சலாக வந்தது.

பிடிவாதம் அந்தச் சமையலறை பிறக்கும்போதே கூடப் பிறந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் உள்ளே அழகு செய்து தருவது மகளின் தொழில். யார் வந்தாலும் முதலில் ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிடுவாள். பத்துக் கேள்விகள். ஜனங்களுக்குத் தங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதே தெரியாது, கேட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்கு என் செலவில் சமையலறை என்று அறிவித்துவிட்டு, அதே தாளை அம்மாவிடமும் நீட்டினாள்.

வாழ்நாள் முழுக்க வெளிர் நிறப் புடவையைத் தவிர வேறு எதையும் தொடாத அம்மா, அலமாரி எல்லாம் கறுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மேடைக் கல்லும் கறுப்பு.

"இத்தனூண்டு இடம், ஒரே ஒரு ஜன்னல். கறுப்பு போட்டா குகை மாதிரி ஆயிடும்மா."

"ஆகட்டும்."

"கை ரேகை தெரியும். மாவு சிந்தினா தெரியும்."

"தெரியட்டும்."

"எங்கே பார்த்தே இதை?"

"எங்கயும் பாக்கலே. எனக்குப் பிடிச்சிருக்கு. உன் தாள்ல அதைத்தானே கேட்டிருக்கே?"

சாம்பல் காட்டினாள், தேக்கு நிறம் காட்டினாள். அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். கைப்பிடிகள் வெள்ளைப் பீங்கானில் வேண்டும், மேடை விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை வேண்டும், அடுப்புத் திருகிகளில் வெள்ளைப் புள்ளி வேண்டும். பழைய எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் கொடுத்துவிட்டு ஆறு வெள்ளைக் கப் வாங்கினாள். மேடை மேல் வரிசையாக வைத்தாள். அதை யாரும் ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் தொலைந்தார்கள்.

பத்தாவது கேள்விக்கு அம்மா எழுதியதை நினைத்து அவள் அன்று வாய்விட்டுச் சிரித்தாள். 'இந்த அறையை அதிகம் பயன்படுத்தப் போவது யார்?' அம்மா எழுதியிருந்தது ஒரே சொல்: அவர்.

அப்பாவா? முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். வீட்டில் சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று ஒருநாளும் தெரிந்துகொண்டவர் இல்லை. "விளையாடாதே" என்று சொல்லி, அவளே அதை அடித்துவிட்டு மேலே 'அம்மா' என்று எழுதினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வேலை முடிந்தபோது, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. படம் எடுத்து வைத்துக்கொண்டாள். வருகிறவர்களிடம் காட்டி, "இது எங்கம்மா பாணி, வாதாடி ஜெயிக்க முடியாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

வண்டி வந்தது. அம்மாவை எடுத்துப்போய், எல்லாம் முடித்துத் திரும்பும்போது மணி இரண்டு. அதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அத்தை வீட்டில் தங்கி, சமையலறையை 'ஒழுங்கு' பண்ணி வைத்திருந்தாள். வெள்ளைக் கப்புகளைக் கழுவி மேல் அலமாரியில் அடுக்கிவிட்டாள். "உடைச்சி வெச்சா யாரு பதில் சொல்றது?" மேடை மேல் பக்கத்து வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன.

கூடத்தில் அண்ணன் சட்டையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்களும் வீங்கியிருந்தன. ஆனால் அவன் எதையும் தள்ளிப்போடுகிறவன் இல்லை.

"நாளைக்குக் காலைல எனக்கு ரயில். அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன், காரியத்துக்குத் திரும்பி வந்துக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்." அவள் பக்கம் திரும்பினான். "அந்தக் கறுப்பை மட்டும் வெள்ளையா மாத்திடு. இல்லேன்னா ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான்."

"பெயிண்டர்கிட்ட சொல்றேன்" என்றாள். மறுத்துப் பேச ஒரு காரணம் வேண்டுமே. அவளிடம் அசதியைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான் வரலே" என்றார் அப்பா.

"தனியா இருந்து என்னப்பா பண்ணுவீங்க? ஒரு டீ போடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்குச் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டான். அப்பா எழுந்தார். நேராகச் சமையலறைக்கு நடந்தார். அவளும் பின்னால் போனாள். வாசலைத் தாண்டியதும் அப்பாவின் இடது கை தானாக இறங்கி, கறுப்புக் கதவுகளின் மேல் பட்டும் படாமல் உரசிக்கொண்டே போனது. சரியாக அந்தக் கோட்டின் மேலேயே போனது.

அவள் நின்றுவிட்டாள்.

பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் வைத்தார். திருகியைத் தடவிப் புள்ளியைக் கண்டுபிடித்து அடுப்பைப் பற்றவைத்தார். தூள், சர்க்கரை, பால் எல்லாம் கை போன இடத்தில் இருந்தன. அத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். டீ கொதித்து இறங்கியது. அப்பா மேடையின் ஓரத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து ஒரு டம்ளரில் இடித்தது. பாத்திரத்தைச் சாய்த்தார்.

டீ மேடையில் விழுந்து, விளிம்பைத் தாண்டி, அவர் காலில் கொட்டியது.

"ஐயையோ!" என்று அத்தை ஓடிவந்தாள். "பாவம், கை நடுங்குதே உங்களுக்கு. நீங்க போய் உட்காருங்க."

"பாத்தியா?" என்றான் வாசலில் வந்து நின்ற அண்ணன். "இதுக்குத்தான் சொல்றேன்."

கை நடுங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். கை நிதானமாக, ஒரே சீராகத்தான் ஊற்றியது. டம்ளருக்கு நாலு விரல் தள்ளி ஊற்றியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, அத்தையே மறுபேச்சில்லாமல் போனாள். கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் காலில் தண்ணீர் ஊற்றினாள். பாதம் லேசாகச் சிவந்திருந்தது.

"அப்பா, அந்த டம்ளர் உங்களுக்குத் தெரியலையா?"

அப்பா மேடையை ஓரம் வரைக்கும் தடவினார். பிறகு, "வெள்ளை கப் எல்லாம் எங்கே?" என்றார்.

அடுப்புக்கு எதிரே கிடந்த அம்மாவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போலேர்ந்துப்பா?"

"நாலு வருஷம் ஆச்சு. நேராப் பார்த்தா நடுவுல புகை மாதிரி. ஓரமாத்தான் கொஞ்சம் தெரியும். கறுப்பு மேல வெள்ளை இருந்தா தெரியும். பளபளன்னு எவர்சில்வர் இருந்தா சுத்தமாத் தெரியாது."

"டாக்டர்?"

"உங்கம்மா ரெண்டு பேர்கிட்ட கூட்டிட்டுப் போனா. போனது போனதுதான்னுட்டாங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"டிப்போல எனக்குப் பருந்துன்னு பேரு. மூணு தெரு தள்ளி வர்ற சைக்கிள்ல பெல் இருக்கா இல்லையான்னு சொல்லுவேன். நான் போய் எந்த வாயால சொல்றது?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளும் வேண்டாம்னா. சொன்னா பிள்ளைங்க தூக்கிட்டுப் போய் ஒரு மூலைல உட்கார வெச்சிடும், நல்லெண்ணத்துலதான் செய்யும், ஆனா நீங்க அத்தோட முடிஞ்சீங்கன்னு சொன்னா."

பெயிண்டரிடம் சொல்கிறேன் என்று சற்று முன் அண்ணனுக்குத் தலையாட்டியவள் அவள்தான்.

"தினம் சாயங்காலம் பாடம்" என்றார் அப்பா. "அவ அங்கேதான், நீ இப்போ உட்கார்ந்திருக்கியே, அங்கே உட்கார்ந்துக்குவா. முதல்ல டீ. அப்புறம் சோறு. அப்புறம் முட்டை. கொட்டினா சிரிப்பா. துடைக்கிறதும் நான்தான். போன வருஷம் நெஞ்சுவலி வந்தப்புறம் ரொம்ப அவசரப்படுத்தினா."

பயன்படுத்தப் போவது யார். கேள்வியை எழுதியவள் அவள்தான். அதை ஒழுங்காகப் படித்தவள் அம்மா ஒருத்திதான். சரியான பதிலை எழுதிக் கொடுத்திருந்தாள், இவள் பேனாவை எடுத்து அடித்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடனே கோபமும் வந்தது, செத்துப்போனவள் மேல். என்னிடம் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேனே, மூலைகளை வளைத்து இழைத்திருப்பேனே, திறந்த கதவு தலையில் இடிக்காத மாதிரி போட்டிருப்பேனே, பைத்தியக்காரி. கண்ணீர் வந்தது. காலையில் அழுதது போல் இல்லை இது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேல் அலமாரியைத் திறந்து கப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

"முதல் கப் எங்கேப்பா வரும்?"

"சுவர்லேர்ந்து நாலு விரல். காது வலது பக்கம் இருக்கணும்." அவள் வைத்ததும் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் உள்ளே தள்ளு. ம்."

ஆறு கப்பும் வைத்து முடிப்பதற்குள் அண்ணன் கதவைத் திறந்துவிட்டான்.

"என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். இதை அவள் சொல்லப்போவதில்லை. அது அப்பாவுக்கும் புரிந்தது.

"உட்காருடா" என்றார் அப்பா. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நாலு வருஷமா. உங்கம்மாவுக்குத் தெரியும். ஆனா இந்த இடம் எனக்குத் தெரியும். டீ போட்டுத் தரேன், குடிச்சிட்டு அப்புறம் பேசு."

அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தான். தங்கை தலையை அசைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பாத்திரம், தண்ணீர், திருகி, தூள். அப்பா அவசரப்படவில்லை. கொதிக்கும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். கறுப்புக் கல்லின் மேல் நாலு வெள்ளைக் கப்பை இழுத்து வைத்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தபடி ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. கூடத்திலிருந்த அத்தைக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அண்ணன் கப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு வாய் குடித்தான்.

"சர்க்கரை தூக்கல்" என்றான்.

"உனக்கு மூணு கரண்டின்னு உங்கம்மா சொல்லி வெச்சிருக்கா."

அண்ணன் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னான். "ரயில் டிக்கெட்டை மாத்திக்கிறேன். ஒரு வாரம் இருந்து பார்க்கறேன். அப்புறம் சொல்றேன்." தங்கையிடம், "பெயிண்டருக்குச் சொல்லிட்டியா?" என்றான்.

"இல்லே."

"சொல்லாதே."

ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அப்பா கப்புகளைத் தானே கழுவினார். ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்தார். சுவரிலிருந்து நாலு விரல். பிறகு ஈரக் கையோடு, கறுப்புக் கதவுகளை உரசிக்கொண்டே கூடத்துக்கு நடந்தார்.

காலையில் அவள் பாடுபட்டுத் துடைத்த கதவுகளில் நாலு விரல்களின் ஈரத் தடம் வாசல் வரைக்கும் போயிருந்தது. துணி அவள் கையில்தான் இருந்தது. அதைப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப் போட்டாள்.