தங்கம்மாள் சாமியார் தேடிய கதை

1

இது ஒரு பயணக் கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. இளவரசன் என்று எனக்கொரு நண்பர், சுற்றுலாப் பத்திரிகை நடத்துகிறார். "மதில் சூழ்ந்த பழைய நகரம், அதோட கடைவீதி, புண்ணியத் தலங்கள். திருவண்ணாமலைய வெச்சு எழுதுங்க. படிச்ச உடனே ஆளுங்க ரூம் போடணும்" என்றார். ஊருக்கு மதில் கிடையாது, கோயிலுக்குத்தான் மதில் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க, எழுதுங்க" என்றார். யோசித்தால் அதுவும் சரிதான். மதிலுக்கு உள்ளே சாமி இருக்கிறார், வெளியே சாமியை நம்பிப் பிழைக்கிற ஊர் இருக்கிறது.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்:

அருணோதயத்தின் பொன்னொளியில் ராஜகோபுரம் தகதகவென்று

மேலே எழுத வெட்கமாக இருந்தது. எழுந்து டீ குடிக்கப் போனேன். தேரடித் தெரு டீக்கடையில் ஓர் அம்மாள், தக்காளி எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரிக்கிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏம்ப்பா, சாமியாருங்க எந்தப் பக்கம் ஜாஸ்தி?"

கட்டுரை அங்கேயே செத்துப்போனது.

2

அந்த அம்மாளுக்குத் தங்கம்மாள் என்று பெயர் வைக்கிறேன். (உண்மைப் பெயரைக் கேட்கவில்லை. இனி வருவதில் பாதிக்கு மேல் நான் கட்டியதுதான். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே கலந்துவிட்டது.)

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். நெல்லும், மல்லாட்டை என்று அங்கே சொல்லப்படுகிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கணவர் முருகையன் பேசாத மனிதர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்றால் தலையாட்டுவார். குழம்பில் உப்பு சரியா என்றாலும் அதே தலையாட்டல். தங்கம்மாள் இருவருக்கும் சேர்த்துப் பேசிப் பழகியவர்.

அண்ணன் பேத்திக்குக் காது குத்து. "அத்த, மாமா எங்க?" என்று யாரோ கேட்டார்கள். தங்கம்மாள் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அவுரு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? வீட்ல தூணு இல்லியா, அது மாதிரிதான்" என்றார். பந்தலே சிரித்தது. முருகையன் பின்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் குடித்து முடித்து, கை கழுவினார். மறுநாள் காலையில் வீட்டில் இல்லை.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு வார்த்தைக்காகவா மனிதன் வீட்டை விட்டுப் போவான்? முந்தைய பிரதியில் அவருக்குத் தீராத நோய் ஒன்று கொடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தியதில் கனவில் சிவபெருமான் வந்தார். இரண்டையும் அடித்துவிட்டேன். கல்யாணமானவர்களைக் கேளுங்கள், வார்த்தையே போதும் என்பார்கள்.)

ஒரு மாதத்துக்கு மேல் சொந்தக்காரர் வீடெல்லாம் தேடினார்கள். மகள் கீதாஞ்சலிக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை, தங்கியிருப்பதும் அங்கேயேதான். ஒரு நாள் கிரிவலப் பாதையில் ஆட்டோவில் போகும்போது, காவி கட்டிய ஒருவர் காதைச் சொறிகிற விதத்தைப் பார்த்தாள். அப்பா அப்படித்தான் சொறிவார். ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வருவதற்குள் ஆள் இல்லை.

அம்மாவும் மகளும் தேட வந்த காலையில்தான் நான் டீ குடித்தேன்.

3

கடைவீதியைப் பற்றி எழுதச் சொன்னார்கள் அல்லவா, எழுதுகிறேன். ருத்திராட்சம், விபூதி, பித்தளை விளக்கு, பிளாஸ்டிக் நந்தி, பேட்டரி போட்டால் ஓம் சொல்லும் பெட்டி. நடுவில் ஒரு காவித் துணிக்கடை. தங்கம்மாள் அதற்குள் நுழைந்தார்.

"ஒசரமா ஒருத்தரு, வலது புருவத்துல தழும்பு. போன மாசம் இங்க காவி வேட்டி வாங்கினாரா?"

கடைக்காரர் சலிக்காமல் சொன்னார். "இங்க தெனம் யாராச்சும் துறந்துக்கினுதாம்மா இருக்காங்க. மூஞ்சிய யாரு பாக்கறது?"

"வாங்கினத திருப்பிக் குடுக்க வருவாங்களா?"

"கட்டின துணிய எடுத்துக்க மாட்டோம்மா."

பூக்கடை, பாத்திரக்கடை, பழக்கடை எல்லா இடத்திலும் கேட்டார்கள். காவி வேட்டிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் முகத்தையும் தங்கம்மாள் குனிந்து பார்த்தார். இரண்டு பேர் ஆசீர்வாதம் செய்தார்கள். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மட்டும் "அம்மா, சாப்டீங்களா?" என்று சுத்தத் தமிழில் கேட்டார்.

4

தேடிக் களைத்தவர்கள் கோயிலுக்குப் போவார்கள், போனார்கள். இளவரசன் கோபுர வருணனையும் கேட்டிருந்தார். கோபுரம் உயரம். மதில் கனம். வெயிலில் கல் சுடுகிறது, செருப்பில்லாத பக்தர்கள் எல்லாரும் பரதநாட்டியம் ஆடிக்கொண்டே நிழலுக்கு ஓடுகிறார்கள். போதுமா?

வரிசையில் நிற்கும்போதே தங்கம்மாள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். 'அந்த ஆள என் கண்ணுல காட்டு, அப்புறம் நான் பாத்துக்கறேன்' என்று கேட்பதாகத் திட்டம். சன்னிதி வந்தது. "நகருங்க, நகருங்க" என்றார்கள். கிடைத்த அந்த ஒரு கணத்தில் வாயில் வந்தது வேறு.

"பிரஷர் மாத்திரைய எடுத்துக்கல அவுரு. பாத்துக்க."

வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீதாஞ்சலி வேர்வை என்று நினைத்தாள். நானும் முதலில் வேர்வை என்றுதான் எழுதியிருந்தேன்.

5

மறுபடி கிரிவலப் பாதைக்கே போனார்கள். அங்கே நிருதி லிங்கத்தைத் தாண்டி, ஒரு வேப்பமரத்தடியில் முருகையன் உட்கார்ந்திருந்தார். தாடி வைத்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். தங்கம்மாளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்துச் சாமியார் விளக்கினார். "சாமி மௌன விரதம்மா. பேச மாட்டாரு."

"வீட்லயும் இதத்தான பண்ணிக்கினு இருந்தாரு! இதுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

கண் திறக்கவில்லை. தங்கம்மாள் அவருக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒரு இளம் தம்பதி வந்து விழுந்து கும்பிட்டார்கள்.

"சாமி, இவளுக்கு பெங்களூர்ல வேலை, எனக்கு வேலூர்ல. தெனம் போன்ல சண்ட. இன்னா பண்றதுனே தெரியல."

சாமி வாய் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் தங்கம்மாள் திறந்தார். "சண்டைய போன்ல போடாதீங்க. நேர்ல போட்டாதான் நடுவுல பசிக்கும், சோறு தின்ன ஒக்காரணும். யாராச்சும் ஒருத்தரு மாத்தல் கேளுங்க."

தம்பதி அவர் காலிலும் விழுந்தார்கள். வாழைப்பழச் சீப்பை அவர் முன்னால் வைத்தார்கள். பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. தங்கம்மாள் மாமியார் பிரச்சினைக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனார். கீதாஞ்சலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏமே, போதும். எழுந்திரு!"

முருகையன்தான்.

"போச்சே சாமி, மௌனம் போச்சே!" என்றார் பக்கத்துச் சாமியார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. தங்கம்மாளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுதான் இருந்தது.

"எல்லார் எதிர்லயும் அப்டி சொல்லிட்டியே" என்றார் முருகையன், தரையைப் பார்த்து.

"நீங்க பின்னாடி ஒக்காந்து இருந்தது தெரியாது."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

தங்கம்மாள் நேர்மையாக யோசித்தார். "சொல்லியிருப்பேன். கொஞ்சம் மெதுவா சொல்லியிருப்பேன்."

முருகையன் காதைச் சொறிந்தார்.

6

இளவரசனுக்குப் போன் செய்து இதுவரை படித்துக் காட்டினேன். முடிவுகளை அவரே கொட்டினார். தங்கம்மாளும் காவி கட்டி, அவரிடம் யோசனை கேட்க வருகிறவர்களின் வரிசை மலையைச் சுற்றி நிற்கலாம். அல்லது முருகையன் திரும்பவும் மௌனமாகி, மகளை மட்டும் கட்டிக்கொண்டு அழலாம். "ரூம் போடற மாதிரி எதாச்சும் பண்ணுங்க" என்றார். எனக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவுதான்:

"சாப்பாடாவது சாப்ட்டுப் போலாம்ப்பா" என்று கீதாஞ்சலி இருவரையும் ஆட்டோவில் ஏற்றினாள். சாப்பிட்டார்கள். ஓட்டலுக்குப் பக்கத்தில் ரெடிமேட் கடை. தங்கம்மாள் யாரையும் கேட்காமல் உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, கணவர் கையில் திணித்தார். முருகையன் சட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு துணி மாற்றும் மறைப்புக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார்.

வெகுநேரமாகியும் திரை திறக்கவில்லை.

தங்கம்மாள் திரையிடம் பேசினார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சொன்னது: "இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் வடிக்கிறேன். கம்மியா போட கை வரல. தெனம் சோறு மீறுது."

திரை அசைந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"கழுத்து புடிக்குது."

கடைக்காரர் அடுத்த அளவை எடுக்க ஏணியில் ஏறினார். தங்கம்மாள்

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அந்தத் திரையை நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே ஒரு மனிதர் இடுப்பில் காவியும் தலையில் சிக்கிய வெள்ளைச் சட்டையுமாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு குரல் கொடுத்துவிட்டு இழுங்கள்.