பத்து வரிக்குள் விழுந்த கல்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பாச்சாங்கில் நான் வைத்திருக்கும் போட்டோஸ்டாட் கடைக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அதுவாகவே நடந்து வந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தேவமலர் அக்காவின் கையில், நான்காக மடித்த ஒரு படிவமாக வந்தது.

"பாய், இத ரொப்பிக் குடுங்க. ஃபுல்லா இங்லீஷா இருக்கு."

வானத்திலிருந்து விழுந்த கல்லைக் கண்டெடுத்தவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் அனுப்பிய படிவம் அது. ஐந்தாவது கேள்வி இப்படி இருந்தது: 'நிகழ்ந்ததைப் பத்து வரிக்கு மிகாமல் எழுதவும்.' பத்துக் கோடும் போட்டிருந்தார்கள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். பத்தாவது கோடு முடிந்தபோது அவர் இன்னும் பனங்காட்டில்தான் நின்றுகொண்டிருந்தார், கல் விழவேயில்லை.

"மிச்சத்த நான் கதையா எழுதிக்கவா அக்கா?"

"எழுதிக்குங்க. பொய் மட்டும் சேக்காதீங்க."

"கொஞ்சம் கூடவா?"

"சரி, கொஞ்சமா சேத்துக்குங்க."

ஆக, கீழே வருவதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. எங்கே என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்:

'நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், இந்தப் பூமி உருண்டு திரள்வதற்கும் முன்பே, முடிவில்லாத இருளில் ஒரு கல் —'

என் மனைவி ருக்கையா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதைக் கேட்டாள். "மச்சான், அந்தப் பொம்பள எப்ப வருவா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

'அன்று காலை தேவமலருக்கு இடது கண் துடித்தது. ஏதோ நடக்கப் போகிறது என்று —'

(துடிக்கவில்லையாம். போன் போட்டுக் கேட்டேன். "எனக்குக் கண்ணெல்லாம் துடிக்காது பாய். முதுகுதான் வலிக்கும்" என்றார்.)

மூன்றாவதாக, கல்லை விட்டுவிட்டுச் சண்டையிலிருந்து தொடங்குகிறேன். சண்டை நிச்சயமாக நடந்தது, அதற்குப் பக்கத்து வீட்டு வேலாயி சாட்சி.

3

கல் விழுவதற்கு முந்தின நாள் மாலை. தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் தேவமலரும் அவருடைய ஒரே மகள் புனிதாவும் இருக்கிறார்கள். கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

புனிதாவுக்கு ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழரைக்குத் திரும்புவாள், குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குக் கட்டிலில் விழுந்தால் பகல் இரண்டு வரை எழமாட்டாள். வாசலில் அவள் வேலைக்குக் காலில் போட்டுப்போகும் வெள்ளைச் சப்பாத்து கிடந்தால் உள்ளே அவள் தூங்குகிறாள் என்று அர்த்தம். லயம் முழுக்க இது தெரியும். ரேடியோவைக் குறைப்பார்கள். வேலாயிகூட, அவளுடைய வாயை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வாள்.

தலையை வாரிக்கொண்டே புனிதா சொன்னாள்.

"ம்மா, பாயா ரும்புட் டவுன்ல ஒரு ரூம் பாத்துருக்கேன். கூட வேல செய்ற பொண்ணோட ஷேர் பண்ணிக்கலாம்னு. வேன்காரன் இப்பல்லாம் மெயின் ரோட்லயே எறக்கி விட்டுர்றான். அங்கருந்து காட்டுக்குள்ள தனியா நடந்து வர பயமா இருக்குமா."

தேவமலருக்குச் சுள்ளென்று வந்தது. "தாராளமா போ! போறவ அந்தக் கட்டிலயும் தூக்கிட்டுப் போயிரு. காலிக் கட்டில பாத்துக்கிட்டு நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கணுமா?"

புனிதா, கட்டி வைத்திருந்த சோற்று டப்பாவைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள்.

இரவெல்லாம் தேவமலர் புரண்டு புரண்டு படுத்தார். விடிவதற்கு முன்பே எழுந்தார். கோவிச்சுக்காதேடி என்று வாயால் சொல்ல அவருக்கு வராது. தொழிற்சாலையில் புனிதாவுக்கு இரண்டு ஜோடி வெள்ளைச் சப்பாத்து கொடுத்திருந்தார்கள். அதில் வீட்டில் கிடந்த ஜோடியை எடுத்துத் தேய்த்துக் கழுவி, வாசற்படியில் காய வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

(இந்தச் சப்பாத்தை மறந்துவிடாதீர்கள். அவர் மறந்துவிடுவார்.)

4

காலை எட்டு இருபது. இருளாண்டி நீளக் கழியில் கட்டிய அரிவாளால் பனங்குலையை வெட்டித் தள்ளுகிறார். தேவமலர் சிதறிய பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார். மரங்களுக்கு அடியில் வெளிச்சம் எப்போதும் கொஞ்சம் மங்கல்தான்.

திடீரென்று ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டாவதாக ஒரு நிழல் முளைத்தது. முளைத்த நிழல்கள் எல்லாம் சேர்ந்து தரையில் ஓடின.

இந்த இடத்தில் நான் ஏழு உவமைகள் எழுதி ஏழையும் அடித்தேன். நிழல் ஓடியது, அவ்வளவுதான். தேவமலர் நிமிர்ந்து பார்த்தார். மட்டைகளின் இடைவெளியில் ஒரு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பட்டறையில் வெல்டிங் அடிப்பதைவிட வெள்ளை. பின்னால் புகை ஒரு கோடாக நின்றது. லயத்துப் பக்கம் போய் மூன்றாக உடைந்து அணைந்தது.

"சத்தமே இல்ல பாய். அவ்ளோ பெரிய வெளிச்சம், ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. குருவிகூட வாய மூடிருச்சு. கோயில்ல பூசாரி தெர வெலக்குவாரே, அப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணு இருக்கும் பாருங்க, அது இருந்துச்சு. சண்ட போட்டது, முதுகு வலிக்கிறது, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எவ்ளோ அழகு!"

ஐம்பத்திரண்டு வயதில், பூட்ஸ் காலோடு, கையில் நாலு பனம்பழத்தோடு ஒரு பெண் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்து நிற்கிறாள். எனக்கு இந்த இடத்திலேயே கதையை முடித்துவிட ஆசை. முடிக்க விடவில்லை, சத்தம் வந்துவிட்டது. நிதானமாக, இரண்டு நிமிடம் கழித்து, வானமே இருமியதுபோல் மூன்று முறை. இருளாண்டி அரிவாளைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தார்.

"பிளேன்லா! பிளேன் வெடிச்சிருச்சு! படு மலரு, படு!"

தேவமலர் படுக்கவில்லை. இன்னும் ஏதோ கேட்கப்போவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அது கேட்டது. லயத்துப் பக்கமிருந்து, தகரக் கூரையில் ஒரே ஓர் அடி.*

லயத்தில் மற்ற வீடுகளுக்கெல்லாம் போன வருடம் கூரை மாற்றி ஓடு போட்டாகிவிட்டது. கடைசி வீடு ஒன்றுதான் இன்னும் தகரம்.

(* அந்தக் கல் மேலேயே எரிந்து அணைந்துவிடுமாம். அதற்குப் பிறகு கறுப்பாக, கண்ணுக்குத் தெரியாமல் விழுமாம். ஆகையால் கல் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு தாய் கேட்டாள்.)

5

ஓடினார்.

இதை எப்படி நீட்டி எழுதுவது என்று தெரியவில்லை. அரை மைல். வெட்டிப் போட்ட மட்டை முள், ஒற்றைப் பலகை போட்ட கால்வாய், செம்மண் ரோடு. ஓடும்போது அவர் வாயில் வந்தது சாமி பெயர் இல்லையாம். "எந்திரி புனிதா, எந்திரி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார். மணி எட்டரை. கட்டிலில் விழுந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவளை அந்த நேரத்தில் இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது என்று அவரே எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்.

வாசலுக்கு வந்தார். கூரையில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஓர் ஓட்டை.

படியில் வெள்ளைச் சப்பாத்து.

6

இங்கே என் பேனா ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டது.

முதல் சந்தேகம்: தான் கழுவி வைத்த சப்பாத்தைத் தானே ஒருத்தி மறப்பாளா? வாசகர் நம்புவாரா? ருக்கையாவிடம் கேட்டேன்.

"நம்ம அஷ்ரப் சின்னதுல பஸ் ஸ்டாண்ட்ல காணோம்னு தேடுனீங்களே, அப்ப புள்ள எங்க இருந்தான்?"

என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். சரி, நம்பலாம்.

இரண்டாவது, இனி என்ன எழுதினாலும் நடக்கும் என்ற பயம். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது என் கையில் இருக்கிறது. எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறவன் துணிய வேண்டும் இல்லையா? துணிந்தேன்.

'உள்ளே, கட்டிலில், புனிதாவின் —'

ருக்கையா தாளைப் பிடுங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் இல்லை. "பொம்பளப் புள்ள வச்சிருக்கவ அவ. எழுதுவீங்களா நீங்க?" என்று கேட்டாள்.

எழுதமாட்டேன். ஆனால் தேவமலர் அந்தத் தாளின் முன்னால்தான் நின்றார், கிழிக்க ஆளில்லாமல். கதவில் கை வைக்கிறார், எடுக்கிறார். வேலாயி கரண்டியோடு ஓடி வந்து, "உள்ள போய்ப் பாரு மலரு" என்றாள். "நீ போ" என்றார் தேவமலர். வேலாயியும் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வேலாயிக்குப் பேச்சு வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கும் தெரியாது.

7

கதவைத் தள்ளினார்.

அறை முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு குழாய்போல் கட்டிலில் இறங்கியிருந்தது, அதற்குள் பஞ்சு மெதுவாக மேலும் கீழும் போய்வந்தது. தலையணை நடுவில் வெடித்திருந்தது. அதில் கைப்பிடி அளவுக்கு ஒரு கறுப்புக் கல்.

போர்வை, காலையில் அவர் மடித்து வைத்தபடியே இருந்தது.

கட்டில் காலி.

காலிக் கட்டிலைப் பார்த்துத் தேவமலர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கல்லைத் தொட்டார். "நெருப்பா சுடும்னு நெனச்சேன் பாய். மழத் தண்ணி மாதிரி குளுந்து இருந்துச்சு."

ஒன்பது மணிக்குப் புனிதா சிநேகிதியின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். தேவமலர் முதலில் கன்னத்தில் ஓர் அறை விட்டார், பிறகுதான் கட்டிக்கொண்டார்.

"எங்கடி போன? எங்க போன நீ?"

"ரூம் சாவி வாங்க, பாயா ரும்புட்டுக்கு. ஏம்மா அழுவுற? என்னம்மா ஆச்சு?"

சாவி அவள் கையில்தான் இருந்தது.

தேவமலர் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து மகள் தலையில் ஊற்றினார். மிச்சத்தைக் கல்லின் தலையில் ஊற்றினார். நல்லெண்ணெய் தடவி, குங்குமம் வைத்து, சாமி மேடையில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கல்லைப் பார்க்க வந்த பல்கலைக்கழகப் பெண் சாஹிரா, நம் ஊர்த் தமிழ்ப் பெண்தான், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, கழுவிட்டீங்களா! அது மேல இருந்த தூசிகூட நமக்கு முக்கியம். எல்லாம் போச்சே!"

"வெளியூர்லேருந்து வந்தத, கழுவாம கொள்ளாம சாமி மேடையில வைக்கச் சொல்றியா?"

சாஹிரா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கல்லின் வயதைச் சொன்னாள். நாம் நிற்கும் இந்தப் பூமியைவிட மூத்தது என்றாள். (பார்த்தீர்களா, ருக்கையா கேட்டதும் நான் அடித்த என் முதல் வரி எப்படியோ உள்ளே வந்துவிட்டது.) தேவமலர் கல்லின் குங்குமத்தை ஒரு விரலால் சரிசெய்தார்.

"அத்தன காலமா வந்துக்கிட்டே இருந்துச்சா?" என்றார். "எம்பொண்ணு ஒண்ணர மணி நேரம் லேட்டாத்தானே வந்தா."

நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். இந்த மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

8

மறுபடியும் என் கடை, அதே செவ்வாய்க்கிழமை. படிவத்தில் ஆறாவது கேள்வி: 'கல் விழுந்தபோது அறையில் இருந்தவர்கள்?'

ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"அறையில் யாருமில்லை."

"இன்னொருக்கா படிங்க பாய்."

"அறையில் யாருமில்லை."

நான்கு தடவை படிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போட்டோஸ்டாட் எடுக்க வந்த இரண்டு பேர் வரிசையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் கேள்வி, கல்லைக் கொடுக்கச் சம்மதமா என்பது. "சம்மதம்னு போடுங்க. அது வந்த வேல முடிஞ்சிருச்சு" என்றார்.

படிவத்தை மடித்து வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"பாய், ஒரு கட்டில பாயா ரும்புட் வரைக்கும் ஏத்திட்டுப் போகணும். தெரிஞ்ச லோரி இருக்கா?"

இருக்கிறது. அங்கமுத்துவின் லோரி. அன்றே பேசிவிட்டேன். அங்கமுத்து விவரமான ஆள், "கட்டில் ஒண்ணா, ரெண்டா? ரெண்டுன்னா பெரிய லோரி கொண்டாறேன்" என்று கேட்டான். அக்காவுக்குப் போன் போட்டேன். கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன். பின்னால் புனிதா ஏதோ சொல்வது கேட்டது, "நீ சும்மா இருடி" என்று அக்கா அதட்டுவதும் கேட்டது. "சனிக்கிழம காலையில சொல்றேன் பாய்" என்று வைத்துவிட்டார்.

இன்று வெள்ளி. கதையை நான் இன்றே அனுப்பியாக வேண்டும். மகள் கட்டில் மட்டும் போகிற முடிவு, அம்மா கட்டிலும் கூடப் போகிற முடிவு, இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்ததில் ஒன்றைக்கூட ருக்கையா கிழிக்கச் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்களுக்குப் பத்து வரி தேவையில்லை, ஒரு சொல் போதும். கோடு போட்டுத் தருகிறேன், நீங்களே நிரப்புங்கள். அங்கமுத்து காத்திருக்கிறான்.

ஏற்ற வேண்டிய கட்டில்: ____________