முள் காட்டின அறுபத்து நாலு

எல்லாரும் எப்படி இருக்கீங்க? முட்டி வலி பரவாயில்லையா? பார்க்குல வழுக்கி விழுந்தவங்களுக்குக் கட்டு பிரிச்சாச்சா? சுகர் மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா, இல்ல என்னை மாதிரி போட்டோமா போடலையான்னு டப்பாவை ஆட்டிப் பாத்துட்டு இருக்கீங்களா? நல்லா இருங்க. கொஞ்சம் உக்காந்து படிங்க.

1

இந்தக் கதை எங்கிருந்து வந்ததுன்னு முதல்லயே சொல்லிடறேன். நம்ம நடைக் குழு மலருக்கு, கொஞ்சம் எடை குறைச்சு, குறைச்சதைத் திரும்ப ஏறாம வெச்சுக்கிறது எப்படின்னு ஒரு பக்கம் எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. அதுவும் என்கிட்ட! நான் ரெண்டு கிலோ குறைச்சா மூணு கிலோ வந்து உக்காந்துக்கும். சரி, சாதிச்சவங்க யாரையாவது பிடிப்போம்னு யோசிச்சப்ப ஞாபகம் வந்தவதான் பார்சல் ஆபீசுக்காரி. பேரப் பசங்களுக்கு ஏதாவது அனுப்பணும்னா அவ கவுண்டருக்குத்தான் போவேன். ஆறு கிலோ குறைச்சு ஒன்பது வருஷமா அப்படியே இருக்கா. எல்லாரும் அவகிட்ட "என்ன ரகசியம்மா?"ன்னு கேப்பாங்க. அவ சிரிச்சுட்டு முத்திரை குத்துவா.

நான் எழுதின முதல் வரி இது:

"தினமும் காலையில் ஒரு குவளை வெதுவெதுப்பான

அதோட விட்டேன். ஏன்னு போகப் போகத் தெரியும்.

2

அவளை இந்தக் கதையில மூட்டைன்னு சொல்றேன். அவ அக்கா அவளை அப்படித்தான் கூப்பிடுவா. ரெண்டு பேருக்கும் அஞ்சு வயசு வித்தியாசம். "நீ பொறந்தப்ப துணியில சுத்திக் கொண்டாந்து என் மடியில வெச்சாங்க. குழந்தைன்னு யாருமே சொல்லல, மூட்டைன்னுதான் நெனச்சேன்"னு அக்கா சொல்லுவா. கடைசியில இவ மூட்டை எடை போடுற வேலைக்கே போனா. அதை வெச்சு அக்கா அடிச்ச கிண்டலுக்கு அளவே இல்ல.

அந்த அக்காவுக்குத்தான் கல்லீரல் கெட்டுப் போச்சு. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீங்கி, கால் குச்சியாயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில, கூடப் பொறந்தவங்க யாராவது ஒரு துண்டு கல்லீரல் குடுத்தா பொழைக்க வைக்கலாம்னு சொன்னாங்க. மூட்டை உடனே, "எங்க படுக்கணும்?"னு கேட்டா.

டாக்டர் அவ ஸ்கேனைப் பாத்துட்டு, "உங்க கல்லீரல்ல கொழுப்பு நிறைய இருக்கும்மா. எழுபது கிலோ இருக்கீங்க. ஆறு கிலோ குறைச்சுட்டு வாங்க, அதுவும் குறையும். அப்புறம் தேதி குறிக்கலாம்"னாரு.

வெளிய வந்ததும் அக்கா, "நான் சாகக் கிடக்கிறேன், உனக்கு இடுப்பு சின்னதாகப் போகுதா? நல்ல யோகம்டி"ன்னா. மூட்டை அழுதுட்டே சிரிச்சா.

(டாக்டர் அதைத் தன்மையாத்தான் சொன்னாராம். என் முதல் படியில அவரைக் கடுகடுன்னு ஒரு ஆளா எழுதியிருந்தேன், கையில பெரிய கடிகாரம் எல்லாம் கட்டி விட்டேன். ஏன்னா இந்தக் கதையை நான் முதல்ல கேட்டது அக்கா பொண்ணு வாயில. அவளுக்கு அந்த டாக்டர்னாலே ஆகாது. இப்ப கடிகாரத்தைக் கழட்டிட்டேன்.)

3

மூட்டை குறைக்க ஆரம்பிச்சா. சக்கரையை விட்டா. எண்ணெயை விட்டா. ரெண்டு மாடி ஏறி இறங்கினா, மறுபடி ஏறினா. மதியம் ஆபீசுல எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது அவ வெள்ளரிக்காயை நறுக்கிட்டு இருப்பா. லோடு தூக்குறவரு, "ஏம்மா, முயலுக்கு வாங்கினதையா தின்னுட்டு இருக்கே?"ம்பாரு.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, ஷட்டர் தூக்கினதும் முதல் வேலை எடை பாக்கிறது. பார்சல் ஆபீசுல ரெண்டு எடை மிஷின் உண்டு. கவுண்டர் மேல இருக்கிறது சின்னது. மூலையில ஒரு பழைய தரை மிஷின், மேல வட்ட முகம், நடுவுல முள்ளு. இவ ஏறி நிப்பா, முள்ளு ஆடி நிக்கும், நம்பரை அக்காவுக்கு போன்ல சொல்லுவா.

அறுபத்தொன்பது. அறுபத்தெட்டரை. அறுபத்தேழு. அப்புறம் மூணு வாரம் அறுபத்தேழுலயே அசையல. அந்த மூணு வாரத்துல அக்கா கால் இன்னும் குச்சியாச்சு. நாலாவது வாரம் மூட்டை ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தினா.

வெள்ளிக்கிழமை ஏறி நின்னா. முள்ளு அறுபத்து நாலுல நின்னுச்சு.

போன்ல அக்கா ரெண்டு தடவை நம்பரைத் திரும்பச் சொல்லச் சொன்னா. அப்புறம், "ஏய் மூட்டை, இனிமே உன்னை எப்படிடி கூப்பிடறது?"ன்னா.

அன்னைக்கு சாயந்திரம் அக்கா கட்டாயப்படுத்தி இவளைச் சாப்பிட வெச்சா. தட்டு நிறைய. "தேதி குறிக்கிற வரைக்கும் உடம்புல தெம்பு வேணாமா? வயித்தைக் கிழிக்கப் போறாங்கடி"ன்னா. இவ சாப்பிட்டா. பத்தொன்பது நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருந்தாங்க. அந்தப் பத்தொன்பது நாளும் வயிறு காயாம சாப்பிட்டா.

4

ஆஸ்பத்திரி மிஷின் அறுபத்தேழே காலே அரைக்கால்னு என்னமோ காட்டுச்சு. அறுபத்தேழுன்னு வெச்சுக்கோங்க.

"இது தப்பு"ன்னா மூட்டை.

நர்ஸ் மறுபடி ஏறச் சொன்னாங்க. அதேதான்.

"சிஸ்டர், நான் எடை போடுறதையே பொழப்பா வெச்சிருக்கேன். பதினாறு வருஷம். உங்க மிஷின்ல கோளாறு இருக்கு, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க."

சக்கர நாற்காலியில இருந்த அக்கா பிடிச்சுக்கிட்டா. "என் தங்கச்சி ஒரு கடுதாசி எடையைக்கூட தப்பா சொல்ல மாட்டா. மனுஷ உயிரு இங்க ஊசலாடுது, ஒரு மிஷினைச் சரியா வெச்சுக்கத் தெரியல உங்களுக்கு!" வராந்தாவே திரும்பிப் பாத்துச்சு. பக்கத்துல அக்கா பொண்ணு ஸ்கூல் பையோட நின்னுட்டு இருந்தா. பதிமூணு வயசு. எல்லாத்தையும் கேட்டா.

டாக்டர் ஸ்கேனும் எடுத்துப் பாத்தாரு. "கொழுப்பு இன்னும் இருக்கும்மா. மிஷினை விடுங்க, ஸ்கேன் சரியில்ல. மூணு வாரம் கழிச்சு வாங்க"ன்னாரு.

பதினெட்டாவது நாள் அக்காவுக்கு ஜுரம் வந்துச்சு. அன்னைக்கு சாயந்திரமே போயிட்டா.

என் முதல் படி இங்கதான் முடிஞ்சுது. அடியில நானே பெரிய மனுஷி மாதிரி எழுதி வெச்சிருந்தேன்: "ஒரு பழுதான இயந்திரம் ஒரு உயிரை

நல்ல வேளை, அதை முடிக்கல.

5

அந்தப் படியை எடுத்துட்டு மூட்டைகிட்ட காட்டப் போனேன். ஆபீஸ் மூடுற நேரம். அவ ரெண்டு தடவை படிச்சா. பேப்பரை மடிச்சா. பிரிச்சா. மறுபடி மடிச்சா.

"இதுல ஒண்ணு தப்பா இருக்கும்மா"ன்னா.

"எதுடி? கல்லீரலுக்கு வேற ஏதாவது பேரா?"

"ஆஸ்பத்திரி மிஷின் சரியாத்தான் இருந்துச்சு."

மூலையில இருந்த தரை மிஷின்கிட்ட கூட்டிட்டுப் போனா. முகத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன திருகு. அதைத் திருப்பினா முள்ளு முன்ன பின்ன நகரும். அந்த வருஷம் ஆபீசுக்கு சக்கரம் வெச்ச இரும்புக் கூடை வந்துச்சாம். சின்னச் சின்ன பார்சலை எல்லாம் அதுல அள்ளிப் போட்டு மொத்தமா எடை போடணும். ஒவ்வொரு தடவையும் கூடையோட எடை மூணு கிலோவைக் கழிச்சு எழுதணும். அவசரத்துல யாராவது மறந்துடுவாங்க. அதனால பார்சல்காரங்க பண்ற வேலை ஒண்ணு உண்டு. வெறும் கூடையை ஏத்தி வெச்சு, முள்ளு பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் திருகைத் திருப்பி விட்டுடுவாங்க. அப்புறம் கழிக்கவே வேணாம்.

"கூடையை எடுத்துட்டா முள்ளு கீழ போகணுமே?"ன்னு கேட்டேன்.

"போகாதும்மா. பூஜ்யத்துல ஒரு குட்டி ஆணி இருக்கு பாருங்க. அதுல சாஞ்சு நின்னுக்கும். பாக்க ஒழுங்காத்தான் இருக்கும்."

"யாரு திருப்பினது?"

அவ கையைக் காட்டினா. தன்னோட வலது கையை.

(அந்த நாலாவது வாரத்துத் திங்கட்கிழமை, கூட்டத்துல, யோசிக்காம பண்ணின வேலை. அந்த வெள்ளிக்கிழமை கூடையை இறக்கி வெச்சுட்டு ஏறி நின்னா. முள்ளு மூணு கிலோவைக் கழிச்சுத்தான் காட்டும். ஒரே வாரத்துல மூணு கிலோ குறையுமான்னு அவளுக்குத் தோணல. பட்டினி கிடந்தவளுக்கு எப்படித் தோணும்?)

ஆஸ்பத்திரியில சண்டை போட்டுட்டு வந்த மறுநாள், கூடையை ஏத்தும்போதுதான் கை ஞாபகப்படுத்துச்சாம். அப்படியே உக்காந்துட்டா. அக்காகிட்ட சொல்லணும்னு போனா. அக்கா படுக்கையில இருந்துட்டே வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ஆஸ்பத்திரியைத் திட்டிட்டு இருந்தா, தங்கச்சி பக்கம் நின்னு. "மூணு வாரம்தானே, நிஜமாவே குறைச்சுட்டு, ஆபரேஷன் முடிஞ்சப்புறம் சிரிச்சுட்டே சொல்லலாம்னு இருந்தேம்மா"ன்னா.

அந்தப் பத்தொன்பது நாளை சாப்பாட்டுல விடாம இருந்திருந்தா அக்கா பொழைச்சிருப்பாளா? டாக்டரே சொல்ல முடியாது. நான் எப்படி சொல்றது? கதை எழுதறவளுக்கு அதைச் சொல்ற அதிகாரம் உண்டுன்னு நெனப்பீங்க. ஒரு வரி எழுதினா போதும். எழுதிப் பாத்தேன், ரெண்டு விதமாவும். ரெண்டும் பொய் மாதிரி இருந்துச்சு.

6

அக்கா போய் பதினோரு நாள் கழிச்சு, திருகைச் சரி பண்ணின மிஷின்ல அவ எடை அறுபத்து நாலு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அதேதான். அறுபத்து நாலேகால் ஆச்சுன்னா அன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டா.

மலருக்காக நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு பாக்கி இருந்துச்சு. கேட்டேன். "எப்படிடி ஒன்பது வருஷம் இப்படியே வெச்சிருக்கே?"

"கூப்பிட்டா உடனே போகலாம்லம்மா."

"யாரு கூப்பிடப் போறாங்க?"

"தெரியும். ஆனாலும்..."

இதுதான் அந்த ரகசியம். மலர்ல போட்டுக்கோங்க.

7

இதோட முடிச்சிருப்பேன். ஆனா அக்கா பொண்ணு இருக்காளே. அம்மா போனதுல இருந்து சித்திதான் அவளுக்கு எல்லாம். தலை சீவி விட்டது, கல்யாணம் பண்ணி வெச்சது வரைக்கும். இப்ப அவளுக்கு இருபத்திரண்டு. ஏழு மாசம். கால் வீங்கியிருக்கு, பிரஷர் ஏறியிருக்கு. தெருமுனை டாக்டரம்மா, "இனிமே நான் பாக்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க.

"செத்தாலும் அங்க போக மாட்டேன் சித்தி"ன்னு சொல்லிட்டா. "எடை மிஷினே தப்பா காட்டுற இடத்துல பிரஷர் மிஷின் மட்டும் ஒழுங்கா காட்டுமா? நீதானே அன்னைக்குச் சொன்னே? நான் பக்கத்துலதானே நின்னுட்டு இருந்தேன்?"

மூட்டை, "யோசிச்சு முடிவு பண்ணு கண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்திருக்கா.

முடிவுக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

முதல் முடிவு: சித்தி சொல்றா, பொண்ணு ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிறா. எழுதி முடிச்சதும் எனக்கே சுகர் ஏறிடுச்சு. அடிச்சுட்டேன்.

ரெண்டாவது: எதையும் சொல்லாம, "இப்ப எல்லாம் புது மிஷின் வாங்கிட்டாங்களாம் கண்ணு"ன்னு ஒரு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறது. எனக்கு இது பிடிச்சிருந்துச்சு. பொண்ணும் பிள்ளையும் பொழைச்சா போதாதா? மூட்டைகிட்டயே படிச்சுக் காட்டினேன். "அந்த நர்ஸ் பொண்ணை நான் அன்னைக்கு அழ வெச்சேம்மா"ன்னா. அவ்வளவுதான். அதையும் அடிச்சேன்.

மூணாவது முடிவுல பொண்ணு கதவைச் சாத்திடறா, ஒரேயடியா. சித்திக்கு யாருமே இல்ல. இதை எழுத ஆரம்பிச்சு, "அந்தக் கதவு

முடியல என்னால.

8

போன செவ்வாய்க்கிழமை மூட்டை என் வீட்டுக்கு வந்தா. "சொல்லத்தான் போறேம்மா. நீங்க அவளா இருங்க, ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன்"னா. எதிர் எதிரா நாற்காலி போட்டு உக்காந்தோம். நான் கால் வீங்கினவ மாதிரி காலை நீட்டிக்கிட்டேன். அதுக்கு நடிக்கவே வேண்டியதில்ல, எப்பவும் அப்படித்தான் இருக்கும்.

"கண்ணு"ன்னு ஆரம்பிச்சா. நிறுத்தினா. தண்ணி குடிச்சா.

"கண்ணு, அன்னைக்கு ஆஸ்பத்திரி மிஷின் சரியாத்தான் இருந்துச்சு. என் மிஷின்தான் தப்பு. அதுல கை வெச்சது நான்தான். மறுநாளே எனக்குத் தெரியும். உங்க அம்மாகிட்ட சொல்லல. உன்கிட்டயும் சொல்லல. நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும் கண்ணு. என்கூட பேச வேணாம். போனா போதும்."

சொல்லி முடிச்சுட்டா. அழல. என் முகத்தையே பாத்துட்டு இருந்தா.

நான்தான் இப்ப அந்தப் பொண்ணு. நான்தான் பதில் சொல்லணும். இத்தனை வருஷமா ஊரு உலகத்துல இருக்கிற எல்லார் வாயிலயும் வார்த்தையை வெச்சு எழுதினவ நான். வாயைத் திறந்தேன்.

"சித்தி,

அதுக்கு மேல வரல. மூட்டை எழுந்து, என் நாற்காலியையும் சேத்து சுவரோரம் நகர்த்தி வெச்சுட்டு, "பரவாயில்லம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அதனால இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதல. அந்த ஒரு வரியை நீங்க எழுதுங்க. உங்க வீட்டுல யாராவது, உங்களை வளத்தவங்களே வந்து, இப்படி ஒண்ணைச் சொல்லியிருக்காங்களா? நீங்க என்ன சொன்னீங்க? கோவப்பட்டிருந்தா அதையும் எழுதுங்க, பேசாம எழுந்து போயிருந்தா அதையும். இல்ல, நீங்கதான் போய் சொன்னவங்கன்னா, அன்னைக்கு உங்க காதுல விழுந்த முதல் வார்த்தை என்னன்னு எழுதுங்க. ரெண்டு வரி போதும், எழுத்துப் பிழை எல்லாம் நான் பாக்க மாட்டேன்.

இன்னைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு அவ அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறா. அதுக்குள்ள எழுதிடுங்க.