துணைவேந்தருக்கு முன்னால்

துணைவேந்தர் பொன்னாடையை விரித்துப் பிடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் தம்பையாவும் தலையைக் குனிந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பதுளை மண்டபத்தின் வாசலில், "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் கருப்பம்மா. பாராட்டு விழாவைக் கேள்விப்பட்டு, கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் சீர்த்தட்டு, பின்னால் நாலைந்து பெண்கள். சபையில் மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். இவள் என் வீட்டுக்காரரின் தாய்மாமன் அழகையாவின் ஒரே பிள்ளை, முறைப்பெண். இவளைக் கட்ட வேண்டியவர், பதுளைக் கடைக்காரர் மகளான என்னைக் கட்டிக்கொண்டார். மாமா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் சீரும் வரவில்லை. அன்றைக்கு அறுந்த போக்குவரத்து, மாமா கண்மூடிய பிறகும் ஒட்டவில்லை. சாவு வீட்டுக்குப் போன இவரிடம் கருப்பம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மாமாதான் இவரைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டவர். தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து, விடுதி வாசல்வரை போய், "படிச்சு முடிச்சதும் இந்த எடத்த மறந்துறாதடா" என்றாராம். இவர் எங்கே மறந்தார்? எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் அது அந்தப் பல்கலைக்கழகம்தான். வக்கீலான நாளிலிருந்து பழைய மாணவர் சங்கம், பேரவைக் கூட்டம், விடுதிக் காணி வழக்கு, போராட்டத்தில் பிடிபட்ட பிள்ளைகளுக்குப் பிணை என்று ஓடிக்கொண்டே இருந்தார். தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய் காயும்போதுகூடக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். பாராட்டு என்று யாராவது வந்தால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. "மாமா கை படாத துண்டு எனக்கு எதுக்கு விசாலாட்சி?" என்பார். இந்த முறை அவரிடம் தொழில் பழகிய சுதர்ஷினி, அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள், அழுது அடம்பிடித்துச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அந்தச் சுதர்ஷினிதான் வாசலுக்கு ஓடினாள். "அம்மா, மொதல்ல துணைவேந்தர் ஐயா போடணும். முடிஞ்சதும் நீங்க போடலாங்க."

"தாய்மாமன் வீட்டுத் துணி மொதல்ல விழணும். அப்புறம் ஊரு ஒலகமே போடட்டும்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "தாய்மாமன் எடத்துல பொம்பள நிக்கிறதா? எங்கயாச்சும் உண்டா?"

கருப்பம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதானுங்க. வேற யாரு வருவா?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. இத்தனை வருஷம் இவளுக்கா பயந்தோம் என்றிருந்தது. நான் எழுந்துவிட்டேன். "எங்க மாமா வீட்டுச் சீரு வந்திருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு நாங்க கேக்கல. மேடைக்கு வா கருப்பம்மா."

துணைவேந்தர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். தட்டில் வேட்டியும் துண்டும், எனக்கொரு சேலை, தேங்காய் பழம், கூடவே ரெண்டு மாலை.

"ஜோடி மாலை எதுக்குங்க? இது பாராட்டு விழா" என்று கிசுகிசுத்தாள் சுதர்ஷினி.

"தாய்மாமன் சீருன்னா ஜோடியாத்தானே வரும்? அக்கா, நீங்களும் வந்து நில்லுங்க."

நரைத்த தலையோடு, துணைவேந்தரையும் பேராசிரியர்களையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, நானும் இவரும் மாலை மாற்றினோம். கொஸ்லந்தப் பெண்கள் போட்ட குலவையில் ஒலிவாங்கி கிறீச்சிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

பிறகு தலைப்பாகை. அவள் குள்ளம் என்பதால் இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கொழுந்துக் கூடையின் கயிறு வழுக்காமலிருக்கத் தலையில் துணி கட்டுவார்களே, அதே கட்டாகத் துண்டைச் சுற்றி இழுத்தாள்.

"இறுக்குது கருப்பம்மா."

"இறுக்கட்டும் மச்சான். நம்ம கோயில் தேருக்கு வீட்டுக்கு வருவீங்கல்ல, அப்ப லேசாக் கட்டுறேன்."

கோர்ட்டில் ஒருநாளும் வார்த்தைக்குத் திணறாத மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து மாலையில் விழுந்தது. துணைவேந்தர் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் கொஸ்லந்தப் பெண்கள், ஆளுக்கொரு துண்டோடு.